சூடேறியதும் இறங்கும் முள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார் எஞ்சினில் ஆயில் பிரஷர் குறைவாகக் காட்டினால் அதன் காரணத்தை எப்படித் தேடுவது என்று பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். நம் ஊர்களில் பழைய கார் என்றதும் அம்பாசடர்தான் முதலில் நினைவுக்கு வரும் என்பதால், அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினையே எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் மாரிஸ் ஆக்ஸ்போர்டு, எம்.ஜி.ஏ. ஆகிய கார்களுக்கும் பொருத்திய 'பி சீரிஸ்' குடும்பத்தைச் சேர்ந்தது அது. நல்ல நிலையில் உள்ள இந்த எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, சாலையில் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 50 பவுண்டும், ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது, 15 பவுண்டு அளவும் காட்டும்.

நண்பர் ஒருவர் தம் மார்க் 2 அம்பாசடரின் முள் ஐடிலிங்கில் 5 பவுண்டுக்கு இறங்கிவிட்டது என்று பதறிக்கொண்டு வந்தார். எஞ்சினை இறக்கியே ஆகவேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லி, செலவுக் கணக்கையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எஞ்சின் பிளாக்கில், டேஷ்போர்டில் அழுத்தம் காட்டும் கேஜின் குழாய் சேரும் இடத்தில், சரியென்று தெரிந்த வேறொரு கேஜை நேரடியாக மாட்டிப் பார்த்தோம். அது 18 பவுண்டு காட்டியது. பழுது டேஷ்போர்டு கேஜுக்குள் இருந்தது. இவ்வகைக் கேஜினுள் வளைந்த மெல்லிய உலோகக் குழாய் ஒன்று உண்டு. அழுத்தம் ஏறும்போது அது சற்றே நிமிர்ந்து முள்ளை நகர்த்தும். பல ஆண்டு உழைத்த குழாய் பொய் சொல்வதில் வியப்பில்லை. ஆகவே வேறொரு கேஜ் சாட்சி சொல்லும்வரை ஒரு ஸ்பேனரையும் தொடாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். ஒன்று மட்டும் விலக்கு: ஓடும்போது எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ எஞ்சினுக்குள் தட்டும் ஓசை கேட்டாலோ, உடனே எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் மற்ற ஆராய்ச்சி.

அழுத்தம் உண்மையிலேயே குறைவு என்றால், அது எப்படி உண்டாகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆயில் பம்பின் வேலை ஆயிலைத் தள்ளுவது மட்டுமே. அந்த ஆயில், சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளின் குறுகிய இடைவெளியில் புகுந்து வெளியேறத் திணறுவதால்தான் அழுத்தம் பிறக்கிறது. கிணற்று மோட்டார் எவ்வளவு இறைத்தாலும், வாய்க்காலில் உடைப்பு இருந்தால் கடைமடையில் நீர்மட்டம் ஏறாது அல்லவா? இங்கே உடைப்பு என்பது தேய்ந்த பேரிங். அந்த இடைவெளி இருமடங்கானால் அதன் வழியே வழியும் ஆயில் இருமடங்கோடு நிற்பதில்லை, ஏறத்தாழ எட்டு மடங்காகிவிடும். சூட்டில் ஆயில் இளகுவதால் கசிவு இன்னும் மிகுகிறது. காலையில் 60 பவுண்டு காட்டிய முள், பத்து மைல் ஓடிய பின் சிக்னலில் நிற்கும்போது படுத்துக்கொள்வது இதனால்தான். சூட்டில் மட்டும் குறைந்தால் ஆயிலின் தன்மையையும் பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போதும் குறைவாகவே இருந்தால் பம்ப், அதற்கு ஆயில் உறிஞ்சும் சல்லடை, ரிலீஃப் வால்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். திருப்பங்களிலும் பிரேக் போடும்போதும் மட்டும் முள் துள்ளினால், எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பில் ஆயில் போதவில்லை என்று பொருள்.

ஆயிலைப் பற்றி ஒரு சொல். இந்த எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 ரகம் பொருந்தும். புதிய கார்களுக்கான மெல்லிய ஆயிலை ஊற்றிவிட்டு எஞ்சினைக் குறை சொல்லக் கூடாது. எஞ்சினே இயக்கும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் உள்ள வண்டிகளில் அந்தப் பம்பினுள் இருக்கும் டயாஃப்ரம் என்னும் சவ்வு கிழிந்தால், பெட்ரோல் சம்புக்குள் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரியும். 'என் வண்டி ஆயிலே குடிப்பதில்லை, மட்டம் ஏறத்தான் செய்கிறது' என்று பெருமைப்பட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்!

அடுத்தது ரிலீஃப் வால்வு. பிளாக்கின் பக்கவாட்டில், குமிழ் வடிவ நட்டுக்கு உள்ளே, ஸ்பிரிங் தாங்கும் சிறிய வால்வு அது. அழுத்தம் அளவுக்கு மேல் ஏறினால் திறந்து, மிகுதி ஆயிலைச் சம்புக்குத் திருப்பிவிடுவது அதன் பணி. உட்காரும் இடத்தில் ஒரு துகள் சிக்கினாலும் வால்வு முழுமையாக மூடாது. எஞ்சினை இறக்காமலே கழற்றித் துடைத்துப் பார்க்கலாம். ஆனால் அந்த ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷரைச் செருகிப் பிரஷரை ஏற்றிக் கொடுக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அதை நான் ஏற்பதில்லை. சூடான ஐடிலிங்கில் அந்த வால்வு ஏற்கெனவே மூடித்தான் இருக்கும். மூடிய கதவை இன்னும் இறுக்குவதால் என்ன கிடைக்கும்? வேகத்தில் முள் சற்று உயர்ந்து நிற்கும்; தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியே இருக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அழுத்தம் ஏறாவிட்டால், சம்பைக் கழற்றத்தான் வேண்டும். முதலில் சல்லடையில் கசடு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பம்பைப் பிரித்து, உள்ளே சுழலும் இரண்டு ரோட்டர்களின் முகப்புக்கும் பம்ப் உடலின் விளிம்பு மட்டத்துக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டால் அளந்தால், அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 5 பாகத்தைத் தாண்டக் கூடாது. பிஸ்டனின் தண்டு கிராங்க்ஷாஃப்டைப் பற்றும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங் ஒன்றைத் திறந்ததும் சாம்பல் நிற மேற்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால், அந்தப் பேரிங்கின் ஆயுள் முடிந்தது. அப்போதும் புதிய பேரிங்கை வாங்கி உடனே மாட்டிவிடாமல், கிராங்க்ஷாஃப்டில் பேரிங் பற்றும் கழுத்துப் பகுதியை மைக்ரோமீட்டரால் பல கோணங்களில் அளந்து பாருங்கள். அது முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் கிரைண்டிங் செய்து, குறைத்த அளவுக்கு ஏற்ற அண்டர்சைஸ் பேரிங்கைத்தான் பொருத்த வேண்டியிருக்கும்.