விளம்பரமா, விலையா, சந்தாவா? விசுவமடுத் தங்கச்சியின் கேள்விக்குப் பதில்

வணக்கம். போன கிழமை வந்த கேள்விகளில் ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை. விசுவமடுவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அண்ணா, அரிவி வெட்டும் மெசின் யாரிடம் இருக்கிறது, எந்த நாள் எந்தப் பக்கம் வரும் என்று பார்க்கிற செயலி ஒன்று செய்திருக்கிறேன். 600 பேர் இறக்கியிருக்கிறார்கள். இனி இதில் காசு வரவேண்டும். விளம்பரம் போடவா, விலை வைக்கவா, மாதச் சந்தா வாங்கவா?"

வாசித்ததும் எனக்குப் பெரிய சந்தோசம். நெல் முற்றிக் கிடக்க, மேற்கே மழை இருட்ட, மெசின்காரருக்கு அடித்து அடித்து போனில் சார்ஜ் இறங்கிப் போன நாட்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. அந்தப் பதைப்பைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்குத்தான் இப்படி ஒரு செயலி செய்யத் தோன்றும்.

சரி, விலை வைப்பதை முதலில் முடித்துவிடுவோம். கூகுள் பிளேயில் ஒரு செயலியை ஒரு தடவை இலவசமாக விட்டால், பிறகு அதையே காசு கட்டி இறக்கும் செயலியாக மாற்ற முடியாது. உள்ளே எதையாவது பூட்டி வைத்துத் திறக்கக் காசு கேட்கலாம், அவ்வளவுதான். ஆகவே அந்தக் கதவு உங்களுக்கு மூடியாகிவிட்டது.

அடுத்தது விளம்பரம். ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் 600 பேரும் ஒரு போகத்தில் பத்து நாள் செயலியைத் திறக்கிறார்கள், நாளுக்கு மூன்று விளம்பரம் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 18,000 தடவை. ஆயிரம் தடவைக்கு அரை டொலர் கிடைக்கிறது என்று எடுத்தால் 9 டொலர். பார்க்கிறவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து இந்தத் தொகை மாறும். கனடாவில் இருப்பவர் பார்க்கும் விளம்பரத்துக்கு வரும் காசு விசுவமடுவில் இருப்பவர் பார்த்தால் வராது. செயலிகளுக்கு விளம்பரம் தரும் கூகுளின் சேவையான அட்மொப்பில் 10 டொலர் சேர்ந்தால்தான் முகவரியைச் சரிபார்க்கும் இரகசிய இலக்கம் (PIN) தபாலில் வரும். 100 டொலர் சேர்ந்தால்தான் காசு வங்கிக்கு வரும். காலபோகம், சிறுபோகம் இரண்டும் சேர்த்து வருடத்துக்கு 18 டொலர். நூறு சேர ஆறாவது வருடம் ஆகிவிடும். அவசரத்தில் வீட்டில் உள்ளவர்களைக் கொண்டு விளம்பரத்தை அமத்திவிடாதீர்கள், கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

விளம்பரத்தில் எனக்கு ஒரு மனக்காயமும் இருக்கிறது. என்னுடைய எழுத்துப் பழகும் செயலியைப் பற்றி முந்திய வீடியோக்களில் கேட்டிருப்பீர்கள். முதலில் அதில் திரையின் அடியில் ஒரு விளம்பரப் பட்டி வைத்திருந்தேன். ஒரு நாள் அக்கா வீட்டுக்குப் போனபோது மருமகன், நாலு வயது, நிலத்தில் இருந்து 'அ' எழுதிக்கொண்டிருந்தான். சுழியெல்லாம் ஒழுங்காகப் போட்டான். கடைசியாக அந்த நெட்டுக்கோட்டை மேலிருந்து கீழே இழுக்கிறான், விரல் நேரே விளம்பரத்தில் போய் விழுகிறது. திரை எங்கேயோ ஒரு விளையாட்டுக்குத் தாவிவிட்டது. அவன் திரும்பவும் வந்து எழுதினான், திரும்பவும் அதே இடத்தில் விழுந்தது. மூன்றாம் தடவை அழுதுவிட்டான். அன்று இரவே பட்டியைக் கழற்றினேன்.

பிறகு செய்தது முறிகண்டிக் கச்சான் முறை. பழைய ஆட்களுக்கு இந்தக் கதை தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நின்றதும் கச்சான் விற்கும் அம்மா முதலில் என்ன செய்வார்? ஒரு பிடி எடுத்துக் கையில் தருவார். நல்ல வறுவல் என்று தெரிந்தால் நீங்களாகவே சரை வாங்குவீர்கள். நானும் உயிரெழுத்து 12ஐயும் சும்மா கொடுத்தேன், மிச்சத்துக்கு ஒரே ஒரு தடவை 300 ரூபாய். கூகுள் 2021 ஜூலையில், வருடத்தில் முதல் பத்து இலட்சம் டொலர் வரைக்கும் தன் பங்கை 15 வீதமாகக் குறைத்தது. அதன்படி 45 போக 255 ரூபாய். வாங்கியவர்களில் கூடுதலானோர் கனடா, லண்டன் பெற்றோர். அவர்களிடம் வங்கிக் காட் இருக்கிறது, பிள்ளைக்குத் தமிழ் வரவேண்டும் என்ற தவிப்பும் இருக்கிறது.

கச்சான் கதையில் நான் பிடித்துக்கொள்வது அந்த ஒரு பிடியை மட்டும் அல்ல. அம்மா நிற்கும் இடத்தைப் பாருங்கள். பயணத்துக்குக் காசு எடுத்து வந்தவர், தேங்காய் உடைத்துவிட்டுப் பசியோடு நிற்கிற நேரம் அது. காசு யாருடைய கையில், எந்த நாளில் இருக்கிறது? எந்தச் செயலியைக் கொண்டு வந்தாலும் நான் இதைத்தான் கேட்பேன்.

உங்கள் செயலிக்கு வருவோம். விவசாயியிடம் மாதச் சந்தா கேட்டால் கார்த்திகையில் அவர் எங்கே போவார்? உழவுக்கும் உரத்துக்கும் கொடுத்து, சிலவேளை நகையும் அடைவில் கிடக்கும். மாசி, பங்குனியில் நெல் விற்ற பிறகுதான் கையில் நாலு காசு. ஆகவே மாதச் சந்தா அவருக்குப் பொருந்தாது.

மெசின்காரரைப் பாருங்கள். வெளி மாவட்டத்திலிருந்து பெரிய லொறியில் மெசினை ஏற்றிக்கொண்டு வருகிறார். டிரைவருக்குச் சம்பளம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு நாள் வெட்டு இல்லாமல் நின்றால் அந்தச் செலவு முழுக்க அவர் தலையில். வெட்டி முடித்த அன்றே ஏக்கர் கணக்கில் கையில் காசு வாங்குகிறவரும் அவர்தான். உங்கள் செயலி அவருக்குப் பக்கத்துப் பக்கத்து வயலாக வேலை பிடித்துக் கொடுத்தால், ஏக்கருக்கு ஒரு சிறு தொகை தர அவர் யோசிக்கமாட்டார். விவசாயிக்கு என்றைக்கும் இலவசமாக இருக்கட்டும். இன்னொரு நன்மையும் உண்டு. வயலில் நடக்கும் வேலைக்கு வாங்கும் காசு கூகுளின் கட்டண முறையால் போகத் தேவையில்லை, அந்த 15 வீதமும் இல்லை. நேரே உங்கள் வங்கிக் கணக்குக்கு வாங்கலாம்.

தங்கச்சி, நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். அந்த 600 பேரில் எத்தனை பேர் உங்கள் செயலியால் உண்மையாகவே மெசின் பிடித்தார்கள்? இறக்கியவர் தொகை கூகுள் காட்டும். வரம்பில் நின்று செயலியைத் திறந்து, அதில் இருந்த இலக்கத்துக்கு அடித்து, மெசின் வயலுக்குள் இறங்கியதா என்பதை அது காட்டாது. பத்துப் பேருக்கு நீங்களே போன் எடுங்கள். ஆறு பேர் "ஓம் பிள்ளை, அதில் பார்த்துத்தான் கூப்பிட்டேன்" என்றால் மெசின்காரரிடம் போய்ப் பேசலாம். ஒருவரும் அப்படிச் சொல்லாவிட்டால் காசுப் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு, எங்கே தடங்கியது என்று கேளுங்கள். இலக்கம் பழையதா, சிக்னல் இல்லையா, மெசின்காரர் சொன்ன நாளுக்கு வரவில்லையா?

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் முடிவானதும் விதைப்பு தொடங்கிவிடும். வெட்டு ஆவணியில். அதற்கு முன்னம் அந்தப் பத்துப் பேரும் சொன்னதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள், மெசின்காரரிடம் ஏக்கருக்கு எவ்வளவு கேட்கலாம் என்று அதை வைத்துப் பேசுவோம்.