வருமான வரியும் பத்தாம் வகுப்புச் சாய்வும்

(ஈரோட்டில் கணித ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

சம்பளம் சற்று ஏறி அடுத்த அடுக்குக்குப் போய்விட்டால் மொத்த வருமானத்துக்கும் கூடுதல் வரி விழும் என்று பனியன் கம்பெனி மேற்பார்வையாளர் முதல் மஞ்சள் மண்டிக் கணக்கர் வரை பலர் நம்புகிறார்கள். அது தவறு என்பதைப் பத்தாம் வகுப்பில் கோட்டின் சாய்வு (அது எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்ற அளவு) படிக்கும் பிள்ளையே வீட்டில் விளக்கிவிடலாம். அந்தப் பாடத்தோடு வரியை நாம் சேர்த்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

2025-26 நிதியாண்டின் புதிய முறையில், கழிவுகள் போக முதல் 4 லட்சம் ரூபாய்க்கு வரி இல்லை. அதன்மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15 என்று விகிதம் ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 விழுக்காட்டில் நிற்கிறது. 16 லட்சம் ஈட்டுபவரின் வரி 20,000, 40,000, 60,000 ஆகியவற்றின் கூடுதலான 1,20,000 ரூபாய். கடைசி ரூபாய்க்கு 15 விழுக்காடு என்றாலும் மொத்தத்தில் அவர் கட்டுவது ஏழரை விழுக்காடுதான். வருமானத்தை x அச்சிலும் வரியை y அச்சிலும் குறித்து வரைபடத்தாளில் வரைந்தால், இக்கோடு எங்கும் துள்ளாது, சாய்வு மட்டுமே மாறும்.

ஆனால் வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவருக்கு, கணக்கிடப்படும் வரி (அதிகபட்சம் 60,000 ரூபாய்) முழுவதும் தள்ளுபடியாகிறது. அப்படியானால் 12,10,000 ரூபாய் பெறுபவர் 61,500 கட்ட வேண்டுமா? வேண்டியதில்லை, 12 லட்சத்தைத் தாண்டிய 10,000 ரூபாய்க்கு மேல் வரி கேட்கக் கூடாது என்று சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. (கல்வி, சுகாதாரத்துக்கான 4 விழுக்காட்டுத் தீர்வையை இங்கே ஒதுக்கி வைக்கிறேன்.) இந்தச் சலுகை எதுவரை என்று மாணவர்களையே கேளுங்கள். 12 லட்சத்தைத் தாண்டிய தொகையை x எனக் கொண்டு, 60,000 + 0.15x = x என்ற சமன்பாட்டைத் தீர்த்தால் x ஏறத்தாழ 70,588. அவ்வளவு தூரத்துக்குக் கோட்டின் சாய்வு 1. கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயும் அப்படியே வரிக்குப் போகிறது. இதைவிட உயிருள்ள ஒருபடிச் சமன்பாடு பாடநூலில் கிடைப்பது அரிது.

பிறகு அதே தாளில் பிற முறைகளை வரையச் செய்யலாம். எஸ்டோனியா 1994-இல் எல்லோருக்கும் 26 விழுக்காடு என்ற ஒரே விகிதத்தைக் கொண்டுவந்தது. வரிவிலக்கு வரம்பைத் தாண்டியபின் ஒரே சாய்வு. தனிநபர் வருமான வரியே இல்லாத ஐக்கிய அரபு அமீரகத்தின் கோடு x அச்சின்மேல் படுத்துக்கிடக்கும். நம் நாட்டிலோ 1973-74-இல் உச்ச விகிதம் மிகைவரி (வரியின்மேல் விதிக்கப்படும் கூடுதல் வரி) சேர்த்து 97.75 விழுக்காடாக இருந்தது. அது படிப்படியாகக் குறைந்ததில், பொள்ளாச்சிப் பகுதியில் பிறந்த சி. சுப்பிரமணியம் நிதியமைச்சராக அளித்த 1976 வரவுசெலவுத் திட்டத்துக்கும் பங்குண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை 1947-இல் அளித்தவரும் கோவையின் ஆர். கே. சண்முகம் செட்டியார்தான். கொங்குப் பிள்ளைகளுக்கு இவ்விருவரையும் கணக்கு வகுப்பிலேயே அறிமுகப்படுத்தலாம்.

நம் ஊரில் ஒரு கேள்வி உறுதியாக எழும்: மஞ்சள் விளைவிப்பவருக்கு வரி இல்லை, வாங்கி விற்பவருக்கு மட்டும் ஏன்? விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. வேறு வருமானமும் இருந்தால், அதற்கான விகிதத்தைக் கணிக்கும்போது குறிப்பிட்ட வரம்புக்கு மேல் அது சேர்த்துக்கொள்ளப்படும். இந்த விவரத்தைச் சொல்லிவிட்டு, நியாயம் எது என்பதை நாம் தீர்ப்பாகச் சொல்லாமல், எண்களைக் காட்டி வாதிட மாணவர்களை விடுங்கள். எந்தப் பிள்ளையிடமும் பெற்றோரின் வருமானத்தை மட்டும் கேட்காதீர்கள். கணக்குக்கான தொகைகளை நீங்களே கொடுங்கள்.