நாற்பது பேருக்கு ஆறு மண்வெட்டி: ஊர்ப் பூங்காவில் சிரமதானம் நடத்துவது எப்படி?

[காட்சி: சிறுவர் பூங்கா, காலை ஆறரை மணி. ஊஞ்சல் இரண்டு. ஒன்றில் சங்கிலி மட்டும் தொங்குகிறது.]

வணக்கம். நான் நிற்பது கிளிநொச்சிப் பக்கம் உள்ள ஒரு சிறுவர் பூங்காவில். ஊர்ப் பெயர் வேண்டாம். இனிச் சொல்லப்போவதில் பாதி எங்கள் பிழைகள்.

எங்கள் சனசமூக நிலையம் முதல்முறை இங்கே சிரமதானம், அதாவது ஊரார் கூடிச் சம்பளம் இல்லாமல் செய்யும் பொதுவேலை, வைத்தபோது 40 பேர் வந்தார்கள். மண்வெட்டி 6 இருந்தது. கத்தி 3. குப்பை ஏற்ற வரவேண்டிய உழவு இயந்திரப் பெட்டி பத்து மணிவரை வரவில்லை, பிறகும் வரவில்லை. ஒன்பது பேர் வேலை செய்தார்கள், மற்றவர்கள் மரநிழலில் நின்று பார்த்தார்கள். பிளேன்டீ மட்டும் தாராளம். அடுத்த முறை கூப்பிட்டபோது 11 பேர்தான்.

"இந்தக் காலத்துப் பெடியளுக்கு ஊரில் அக்கறை இல்லை" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நானும் தலையாட்டினேன். யோசித்துப் பார்த்தால், பெடியள் வந்தவர்கள்தானே? ஞாயிறு விடிய எழும்பி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவர்களை இரண்டு மணித்தியாலம் சும்மா நிற்க வைத்தது நாங்கள்.

அந்தக் கூட்டத்திலேயே இருந்த ஒரு கமக்கார ஐயா கேட்டார்: "தம்பி, வாய்க்கால் துப்பரவு எப்படி நடக்குது எண்டு பார்த்திருக்கிறியளோ?"

[காட்சி: வயல் வாய்க்கால். கரையில் அளவுக்கு நட்ட தடிகள்.]

இரணைமடு வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம். அதன் கீழ் வயல் செய்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். போகம் தொடங்குமுன் வயல் வாய்க்காலைத் துப்பரவு செய்ய வேண்டும். கமக்காரர் அமைப்பு ஒவ்வொருவரின் காணி அளவைப் பார்த்து, "உங்கள் துண்டு இந்தத் தடியிலிருந்து அந்தத் தடிவரை" என்று பிரித்துக் கொடுக்கும். எப்போது முடிந்தது என்று அவரவருக்கே தெரியும். முடித்தவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சிரமதானம் என்ற சொல் 1958இல் ஏ.ரி. ஆரியரத்ன தொடங்கிய சர்வோதய இயக்கத்தோடு நாடு முழுக்கப் பரவியது. நாங்கள் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டோம். தடி நடுகிற வேலையை மறந்துவிட்டோம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சிரமதானத்துக்கும் முதல்நாள் பின்னேரம் இரண்டு பேர் கொப்பியோடு பூங்காவைச் சுற்றி நடக்கிறோம்.

[காட்சி: கொப்பியின் ஒரு பக்கம், கிட்டத்தில்.]

பாருங்கள். "வடக்கு வேலியோரப் புல்: 4 பேர், 3 கத்தி, 1 விறாண்டி, ஒன்றரை மணித்தியாலம்." "தண்ணீர்த் தொட்டி: 2 பேர், தும்புத் தூரிகை." "ஊஞ்சல் சங்கிலி கழற்றுதல்: 2 பேர், ஸ்பனர்." கடைசி வரியில், "இருந்து செய்கிற வேலை: கன்றுப் பைக்கு மண் நிரப்புதல்." இந்த வரியை வேண்டுமென்றே எழுதுகிறோம். முழங்கால் வருத்தம் உள்ள ஆச்சியும் வருவார், போரில் கால் இழந்த அண்ணையும் வருவார். அவர்களைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுப்பது மரியாதை என்று நினைத்திருந்தோம். அவர்கள் வந்தது வேலை செய்ய.

கொப்பியில் 18 பேருக்குத்தான் வேலை இருந்தால் வட்ஸ்அப் குழுவில் 18 பேரைத்தான் கேட்பது. கூட வருகிறேன் என்பவர்களின் பெயர் அடுத்த தடவைக்கு. இதைச் சொல்ல முதலில் வெட்கமாக இருந்தது, "வராதேங்கோ" என்று ஆரையும் சொல்வதா என்று. ஆனால் அடுத்த தடவைக்கு எழுதப்பட்டவர்கள்தான் தவறாமல் வருகிறார்கள்.

மண்வெட்டி, கத்தி எல்லாம் வீடுகளில் இரவல் வாங்குபவை. ஒருமுறை ஓர் அக்காவின் மண்வெட்டி தொலைந்து, மூன்று மாதம் அவர் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம். பிடியில் பெயின்ட் பூசி, கொப்பியில் பதிந்து, போகும்போது எண்ணிக் கொடுக்கிறோம்.

அடுத்தது நாள் குறிப்பது. ஐப்பசியில் காலபோக (மாரிகால நெல்) விதைப்பு, தை மாசியில் அறுவடை. அந்த நாட்களில் கமக்காரக் குடும்பங்களைக் கூப்பிட்டு, வரவில்லை என்று குறைப்படுவதில் நியாயம் இல்லை. ஞாயிறு காலை என்றால் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ரியூசன். எங்களுக்குச் சரிவந்தது போயா (பௌர்ணமி) விடுமுறை நாள், காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை. அதற்குப் பிறகு வன்னி வெயிலில் மனுசர் நிற்க ஏலாது.

சிக்கல் என்னவென்றால், டெங்கு பெருகுவதும் அதே மாரியில்தான். அப்போது வயல் இல்லாத ஆட்களைத் தேட வேண்டும்: கடைக்காரர், ஆசிரியர், விளையாட்டுக் கழகப் பெடியள். வேலை சின்னதுதான், ஆனால் கிழமைக்கு ஒருதரம் நடக்க வேண்டும். முட்டை நுளம்பாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். சிரட்டையையும் பழைய ரயரையும் கவிழ்த்தால் மட்டும் காணாது. முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால்தான் அந்தத் தும்புத் தூரிகை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே சொன்னால் அவரே வந்து தண்ணீரில் நெளியும் நுளம்புக் குடம்பியைக் காட்டுவார். ஒருமுறை கண்ணால் கண்ட பிள்ளை வீட்டுக்குப் போய்த் தாயின் பூச்சாடித் தட்டையும் கவிழ்த்துவிடும்.

[காட்சி: பூங்காவின் பின்மூலை, பற்றைக்காடு.]

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள்.

வெளியூரில் தொண்டர்களுக்குச் சொல்லும் பாதுகாப்புக் குறிப்பில் கையுறை, தொப்பி, தண்ணீர் இருக்கும். எங்களுக்கு அதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. கண்ணிவெடி அகற்றப்பட்டு ஒப்படைக்கப்பட்ட காணியா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்தாமல் பற்றைக்குள் ஒருவரையும் இறக்குவதில்லை. ஒப்படைத்த காணியிலும் மழைக்குப் பிறகு மண் கரைந்து ஏதாவது தலைகாட்டலாம். துருப்பிடித்த இரும்பு, வயர், இனம் தெரியாத உருளை எதுவானாலும் தொடுவதில்லை, அலவாங்கால் தட்டிப் பார்ப்பதில்லை. அப்படியே நிற்பது, மற்றவர்களை நிறுத்துவது, வந்த அடியிலேயே திரும்புவது, 119க்கு அழைப்பது. வேலை தொடங்குமுன் ஒவ்வொரு முறையும் இதைச் சத்தமாகச் சொல்கிறோம். 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது மண்வெட்டி பிடிக்கிற வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு அந்த உருளை வெறும் பழைய இரும்பு.

மற்றவை சுருக்கமாக. இலைக்குவியலைக் கையால் அள்ள வேண்டாம், விறாண்டியால் இழுங்கள். கண்ணாடி விரியன் அப்படியான இடத்தில்தான் படுத்திருக்கும். தேங்கிய தண்ணீருக்குள் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். யாருக்காவது ஏதாவது என்றால் 1990 இலவச அம்புலன்ஸ். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒருவரிடம் கேட்டுவிட்டுத்தான் கொப்பியில் பெயர்.

மரம் தறிக்கிற ஆசையையும் அடக்க வேண்டும். பலா, ஈரப்பலா, பெண் பனை இவற்றை அனுமதி இல்லாமல் தறிப்பதை 1951ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. பூங்கா பிரதேச சபையினுடையது. ஆகவே என்ன செய்யப்போகிறோம் என்று எழுத்தில் கொடுத்து, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். உழவு இயந்திரம் தருகிறோம் என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி எங்களுக்கு நடந்ததுதான் தெரியுமே.

சபையோடு இன்னொரு கதையும் பேச வேண்டும். நாங்கள் பூங்காவைக் கூட்டித் துப்பரவாக்கத் தொடங்கியதும், பூங்காவுக்கு வந்துகொண்டிருந்த துப்பரவுத் தொழிலாளி வருவது நின்றுவிட்டது. "நீங்கள்தானே செய்கிறீர்கள்" என்றார்கள். அது சரியில்லை. அன்றாடத் துப்பரவும் குப்பை அகற்றலும் சபையின் கடமை, அதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் இருக்கிறார். அவருடைய வேலையை இலவசமாகப் பறிப்பது தொண்டு ஆகாது. கன்று நடுவது, பெயின்ட் அடிப்பது, பிள்ளைகளுக்கு விளையாட்டு வைப்பது, இவை எங்கள் பக்கம். இதையும் ஒரு கடிதத்தில் பிரித்து எழுதிக் கொடுத்தோம். அவர் திரும்ப வந்தார். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று எங்களுக்குக் காட்டித் தருகிறவரும் அவர்தான்.

2018 டிசம்பரில் இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தபோது இந்தக் கொப்பிப் பழக்கம் எங்களிடம் இல்லை. நான் உதவிக்குப் போன பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சோற்றுப் பார்சல் மலையாய்க் குவிந்தது. இரவுக்கு ஒன்றும் இல்லை. குழந்தைக்குப் பால்மா கேட்ட தாய்க்கு ஆரிடம் போவதென்றே தெரியவில்லை. வாசலில் ஒரு மேசையும் ஒரு கொப்பியும், வருகிறவரிடம் "எத்தனை மணிக்குக் கொண்டுவருவீர்கள்?" என்று கேட்க ஓர் ஆளும் இருந்திருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும்.

[காட்சி: கேற் பக்கம் ஆட்கள் வரத் தொடங்குகிறார்கள்.]

சரி, வந்துவிட்டார்கள். இன்றைக்கு 16 பேர், 16 துண்டு. ஊஞ்சலுக்குப் புதுச் சங்கிலியும் பலகையும் வந்திருக்கின்றன. அந்த மூலையில் சாத்தியிருக்கிற அலவாங்கில் மட்டும் நிறம் இல்லை. ஆருடையது என்று முதலில் கேட்டுக்கொண்டு வருகிறேன்.