மெதுவாக ஆடினால் சின்ன சுனாமியா?

(குளச்சலில் ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவுக்கு மேற்கே கடலடியில் நடுக்கம் தொடங்கியபோது நம் கடிகாரத்தில் காலை 6.28 தாண்டியிருந்தது. அங்கிருந்து கிளம்பிய முதல் அதிர்வலை பாறை வழியாக ஓடி வந்து, ஏறத்தாழ நாலரை நிமிடத்தில் குளச்சலுக்கு அடியிலும் கடந்து போய்விட்டது. கடல் வந்து சேர மணிக்கணக்கில் ஆனது. அதற்குப் பிறகு கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் என்ன நடந்தது என்று இந்தக் கடற்கரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

நான் பேச வந்தது பாறை வழியாக வந்த அந்த முதல் அலையைப் பற்றி. தான் கடந்து வந்த பாறை கெட்டியா, நொறுங்கியதா, உள்ளே தண்ணீர் நிற்கிறதா என்ற சேதியை அது சுமந்து வருகிறது. அலையின் வேகத்தில்தான் அந்தச் சேதி இருக்கிறது. நம் மாவட்டத்து மலைகளில் இருக்கிற சார்னோக்கைட் பாறை ஒரு காலத்தில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து இறுகி, மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போனபின் வெளியே வந்தது. அப்படிப்பட்ட கல்லில் இந்த முதல் அலை, அதாவது பி அலை, வினாடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். கடலடியில் குவிந்து கிடக்கிற சேற்றுப் படிவத்தில் 2, 3 கிலோமீட்டர்தான்.

சரி, இருபது கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிற வேகத்தை மேலே நின்றுகொண்டு எப்படி அளப்பது? ஒரே ரோட்டில் அடுத்தடுத்து இருக்கிற களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை மூன்று ஊரிலிருந்தும் நாகர்கோவில் வடசேரிக்கு பஸ் வருகிறது. களியக்காவிளை பஸ்ஸும் மார்த்தாண்டம் பஸ்ஸும் இருபது நிமிடம் லேட். தக்கலை பஸ் மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டது. அப்படியென்றால் மார்த்தாண்டத்துக்கும் தக்கலைக்கும் நடுவில் எங்கோ ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். போய்ப் பார்க்காமலே வடசேரியில் நிற்பவர் சொல்லிவிடலாம். நிலநடுக்க ஆய்வாளர்கள் செய்வதும் இதே கணக்குதான். நூற்றுக்கணக்கான சிறு நடுக்கங்கள், பல நிலையங்கள், குறுக்கும் நெடுக்குமாக ஆயிரக்கணக்கான பாதைகள். எந்தப் பாதையில் அலை தாமதித்தது, எதில் முந்தியது என்று பார்த்து, நிலத்தடியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வேகம் போடுகிறார்கள். கேய்ட்டி ஆக்கியும் வில்லியம் லீயும் 1976-இல் கலிபோர்னியாவின் நடுக்கங்களை வைத்து இதைச் செய்து காட்டினார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்பது நமக்குத் தெரியும். நடுக்கம் எந்த நொடியில், எந்த ஆழத்தில் பிறந்தது என்பது தெரியாது. அதையும் அதே தாமதங்களிலிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். வேகம் தெரிந்தால்தான் இடம் தெரியும், இடம் தெரிந்தால்தான் வேகம் தெரியும். ஆகவே ஒரு ஊகத்தில் தொடங்கி, இரண்டையும் சேர்த்துத் திருத்தித் திருத்திப் போகிறார்கள்.

நடுக்கம் பிறக்கும் இடத்தைச் சுற்றி மட்டும் கூர்மையாகப் பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் பிறந்த இரண்டு நடுக்கங்களை எடுத்துக்கொள்கிறார்கள். தூரத்து நிலையம் ஒன்றுக்கு இரண்டின் அலையும் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் வரும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பொதுப்பாதையின் தாமதம் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது தொடக்கத்திலிருந்த அந்தச் சின்ன வேறுபாடு, அதாவது நடுக்கம் பிறந்த பாறைப் பிளவை ஒட்டி அலை ஓடும் வேகம். ஜாங், தர்பர் என்ற இருவர் 2003-இல் வெளியிட்ட முறை இது. எனக்குப் பிடித்த தந்திரமும் இதுதான்.

பி அலைக்குப் பின்னால் எஸ் அலை வரும். அது திரவத்துக்குள் போகாது. விரிசல்களில் தண்ணீர் நிறைந்த பாறையில் பி வேகத்தைவிட எஸ் வேகம் அதிகமாகக் குறையும். 1995-இல் ஜப்பானின் கோபே நடுக்கம் தொடங்கிய இடத்திலும், 2001-இல் குஜராத்தின் பூஜ் நடுக்கம் தொடங்கிய இடத்திலும் இப்படிப்பட்ட அடையாளத்தை ஆய்வாளர்கள் கண்டார்கள். அழுத்தத்தோடு நிற்கிற நீர் பிளவின் பிடியைத் தளர்த்தியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆய்வுகளில் சிவப்பும் நீலமுமாக அழகான படங்கள் வரும். அலைப்பாதை போகாத மூலைக்கும் கம்ப்யூட்டர் ஒரு நிறம் பூசிவிடும். நிறத்தை நம்புவதற்கு முன் அங்கே எத்தனை பாதைகள் குறுக்கே போயின என்று கேட்க வேண்டும்.

இனி நமக்கு நேரடியாக வேண்டிய விஷயம். நடுக்கத்தின் அளவு மூன்றைப் பெருக்கி வரும் எண்ணிலிருந்து கணக்கிடுவது. பிளந்த பரப்பு எவ்வளவு, அது எத்தனை மீட்டர் நழுவியது, பாறையின் விறைப்பு எவ்வளவு. இதில் விறைப்பு என்பது அடர்த்தியை எஸ் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. வேகம் பாதியானால் விறைப்பு நாலில் ஒன்றாகிவிடும். அளவும் பரப்பும் மாறாமல் இருக்க வேண்டுமானால் நழுவல் நாலு மடங்கு ஆக வேண்டும். கருவியில் வருகிற எண் அதேதான், ஆனால் கடலடி நாலு மடங்கு நகர்ந்திருக்கும். கடலைத் தூக்குவது அந்த நகர்வுதான்.

இப்படி அலை மெதுவாக ஓடும் மெதுபாறையில் பிளவு கிழிவதும் மெதுவாகத்தான். அதனால் கரையில் ஆட்டம் குறைவு. 1992 செப்டம்பரில் நிகராகுவாவில் இதுதான் நடந்தது. கரையில் பலர் நடுக்கத்தைப் பொருட்படுத்தவே இல்லை. கொஞ்ச நேரத்தில் கடல் சில இடங்களில் 10 மீட்டர் அளவுக்கு ஏறிவிட்டது. 1896 ஜூன் 15 அன்று ஜப்பானின் சன்ரிக்குக் கரையிலும் அப்படித்தான். லேசான ஆட்டம், பண்டிகை நாள், யாரும் ஓடவில்லை. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். இத்தகைய நடுக்கங்களுக்கு 'சுனாமி நடுக்கம்' என்று 1972-இல் நிலநடுக்க ஆய்வாளர் கனமோரி தனிப்பெயரே வைத்தார். கடலடிப் பள்ளத்தை ஒட்டிய ஆழமில்லாத மெதுபாறைதான் இதற்கு முக்கியக் காரணம் என்று வேக அளவீடுகளைத் திரட்டி 2019-இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் இருவர் காட்டினார்கள்.

ஆகவே "பெரிசா ஒண்ணும் ஆடலியே" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம் நடுக்கத்தின் அளவோடு நிற்காமல், கடலடி அழுத்தமானிகளையும் பார்ப்பதற்கு இது ஒரு காரணம். அடுத்த நடுக்கம் எந்த நாளில் வரும் என்பதை இந்த வேகப்படங்கள் எதுவும் சொல்லாது. அப்படி யாராவது தேதி சொன்னால் கேட்காதீர்கள்.

நாம் கிழக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். குளச்சல் கரையோ அரபிக்கடலைப் பார்த்திருக்கிறது. அந்தக் கடலின் வடக்கு ஓரத்தில், ஈரான், பாகிஸ்தான் கரைக்கு அப்பால் மக்ரான் என்ற இடத்தில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் செருகிக்கொண்டிருக்கிறது. 1945 நவம்பர் 28 அன்று அங்கே 8.1 அளவில் நடுக்கம் வந்து, அலை மும்பை வரை எட்டியது. அங்கே குவிந்திருக்கும் வண்டலின் தடிமன் 7 கிலோமீட்டர் வரை. நான் சொன்ன அதே மெதுபாறை. அந்தக் கடலடியில் கருவிகளை இறக்கி எஸ் வேகத்தை நன்றாக அளந்தால், 8 அளவில் இன்னொன்று வரும்போது தரை எத்தனை மீட்டர் நகரும் என்பதை இப்போதைவிட நெருக்கமாகக் கணக்குப் போடலாம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.