தண்ணீரை இறைப்பதா, குழாயை மூடுவதா? மூளையில் சேரும் நச்சுப் புரதங்களும் மருந்துகளும்

[திரை: மைக்ரோஸ்கோப் வட்டம். உள்ளே பழுப்பு நிறத் திட்டுகள்.]

1906. ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், இறந்துபோன தன் நோயாளியோட மூளையை மைக்ரோஸ்கோப்ல பார்க்கிறார். நரம்பு செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டா ஏதோ படிஞ்சிருக்கு. உள்ளேயும் நூல் சிக்கிக்கிட்ட மாதிரி முடிச்சுகள். வெளியே இருந்தது அமிலாய்டு பீட்டா, உள்ளே இருந்தது டௌ. ரெண்டும் புரதங்கள்தான்னு உறுதியாக 1980கள் வரைக்கும் ஆச்சு.

சரி, திட்டைக் கரைச்சிட்டா, இவர் பேர்லயே வழங்குற அல்சைமர்ங்கிற மறதி நோய் போயிடுமே?

[திரை: ஊசி. பிறகு சிவப்புக் குறுக்குக் கோடு.]

அப்படித்தான் நினைச்சாங்க. அமிலாய்டுக்கு எதிரா ஒரு தடுப்பூசி வந்தது. போட்டுக்கிட்டவங்கள்ல சுமார் 6 சதவீதம் பேருக்கு மூளையில அழற்சி வந்ததால 2002-ல நிறுத்திட்டாங்க. இதைவிட உறுத்துறது பின்னாடி தெரிஞ்ச விஷயம். ஊசி போட்டவங்கள்ல சிலர் இறந்ததும் மூளையைப் பரிசோதிச்சாங்க. திட்டுகள் கிட்டத்தட்ட காணோம். ஆனா அவங்க மறதி கடைசி வரைக்கும் முத்திக்கிட்டேதான் போயிருந்தது.

அப்போ திட்டு மட்டும் குற்றவாளி இல்ல.

[திரை: சிறு மணிகள் சேர்ந்து இழையாகி, இழைகள் திட்டாகும் அனிமேஷன்.]

இங்கே ஸ்வீடன்ல அல்சைமர் பரம்பரையா வர்ற ஒரு குடும்பம் வழி காட்டுது. அவங்க மரபணு மாற்றத்துல, திட்டாகிறதுக்கு முந்தைய கட்டமான குட்டி இழைகள் அதிகமா உருவாகுது. அந்த இழைகளைக் குறிவச்சுப் பிறந்ததுதான் லெக்கனெமாப். 1,795 பேர், 18 மாசம். போலி மருந்து எடுத்தவங்களைவிட, இந்த மருந்து எடுத்தவங்களுக்கு நோய் முத்துறது 27 சதவீதம் மெதுவாச்சு. தலைப்புச் செய்திக்கு இது போதும். ஆனா நினைவையும் அன்றாட வேலைத் திறனையும் அளக்குற 18 புள்ளி அளவுகோல்ல அந்த வித்தியாசம் 0.45தான். சுமார் எட்டுப் பேர்ல ஒருத்தருக்கு ஸ்கேன்ல மூளை வீக்கமும் தெரிஞ்சது. பெரும்பாலானவங்களுக்கு அறிகுறி இல்லைங்கிறதையும் சேர்த்தே சொல்லணும். என்னைக் கேட்டா, இது நிஜமான முன்னேற்றம், ஆனா சின்னது.

இதுவரை பார்த்ததெல்லாம் தரையில தேங்கின தண்ணியை இறைக்கிற வேலை. குழாயையே மூடினா?

[திரை: டி.என்.ஏ., அதிலிருந்து ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம். நடுவில் ஒரு துண்டு வந்து ஒட்டுகிறது.]

புரதம் செய்யச் சொல்ற கட்டளை, ஆர்.என்.ஏ. வழியா வருது. அதுல ஒட்டிக்கிற ஒரு சின்ன இழையைத் தண்டுவட நீர்ல செலுத்தினா, செல்லே அந்தக் கட்டளையை நறுக்கிப் போட்டுடும். ஏ.எல்.எஸ்.ங்கிறது தசைகளை இயக்குற நரம்புகள் சிதையிற நோய். எஸ்.ஓ.டி.1ங்கிற மரபணுக் கோளாறால அது வந்தா, அதுக்கான டோஃபெர்சன்ங்கிற மருந்து இப்படித்தான் வேலை செய்யுது. 2023-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. ஏ.எல்.எஸ். நோயாளிகள்ல சுமார் 2 சதவீதம் பேருக்கு மட்டும்தான் பொருந்தும். 28 வார ஆய்வுல, நோயாளியோட செயல்திறன் சரியிறதைக் குறைக்கணும்ங்கிற முக்கிய இலக்கை அது தொடல. ஆனா நரம்பு சிதையும்போது ரத்தத்துல கசியிற நியூரோஃபிலமென்ட்ங்கிற புரதம் நல்லாவே குறைஞ்சது. அனுமதிக்கு அதுதான் அடிப்படை.

இதே உத்தியை, உடல் அசைவும் நினைவும் கெட்டுப்போற பரம்பரை நோயான ஹன்டிங்டன்லயும் முயற்சி பண்ணாங்க. அங்கே மருந்து, கெட்ட புரதத்தோட நல்ல புரதத்தையும் சேர்த்துக் குறைச்சது. 2021-ல ஊசி போடுறதை நிறுத்தினாங்க. அடிக்கடி மருந்து எடுத்தவங்க, மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவங்களைவிட மோசமாயிருந்தாங்க. நல்ல புரதம் குறைஞ்சதுதான் காரணமான்னு இன்னும் முடிவாகல.

[திரை: காலக்கோடு. அறிகுறிக்கு முன்னால் ஒரு புள்ளி மின்னுகிறது.]

இப்போ கேள்வி, எப்போ மூடணும்ங்கிறது. எஸ்.ஓ.டி.1 கோளாறு இருந்தும் இன்னும் அறிகுறி வராதவங்களை ஒரு ஆய்வுல தொடர்ந்து கவனிக்கிறாங்க. ரத்தத்துல நியூரோஃபிலமென்ட் ஏறினதுமே, கை கால் தளர்றதுக்கு முன்னாடியே, டோஃபெர்சன் கொடுத்துப் பார்க்கிறாங்க.