நூறு வயது ஆவணப்படங்கள்: பேசுகிறவர் யார் என்று தேடிப் பார்த்தேன்!

வணக்கம் மக்களே! கொஞ்ச நாளாக நீண்ட ஆயுள் பற்றிய ஆவணப்படங்களாகவே பார்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். பார்த்த சூட்டோடு பேசிவிட வேண்டும் என்று கேமரா முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் என் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். ஒரு நிபுணர் பேச ஆரம்பிக்கிறார். அவர் பெயர் திரையின் அடியில் வருகிறது. அதே இடத்தில் சப்டைட்டிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது! பாதிப் பெயர் காணாமல் போய்விடுகிறது. பின்னால் தள்ளி, சப்டைட்டிலை அணைத்து, சட்டென்று நிறுத்தினால் பெயர் மங்கத் தொடங்கியிருக்கும். மறுபடியும் பின்னால். இந்த முறை பெயர் தெரிகிறது, அதற்குக் கீழே உள்ள பொடி எழுத்தைப் படிக்க முடியவில்லை. அந்தப் பொடி எழுத்துதானே முக்கியம்? அவர் டாக்டரா, ஆய்வாளரா, கம்பெனி நடத்துகிறவரா என்பதை அங்கேதான் போடுகிறார்கள். மலைமேல் சூரியன் உதிப்பதை அவ்வளவு நேரம் காட்டுகிறார்கள், நம் உடம்புக்கு யோசனை சொல்ல வந்தவர் யார் என்பது கண்சிமிட்டும் நேரத்தில் போய்விடுகிறது. எந்தப் படம் என்று சொல்லப்போவதில்லை. அநேகமாக எல்லாவற்றிலும் இதே கதைதான்.

சரி, நிறுத்தி நிறுத்தித் தேடுவது என் வழக்கம் என்று பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த முறை தேடியதில் எனக்கு இரண்டு ஹீரோக்கள் கிடைத்துவிட்டார்கள்!

2023-இல் வந்த 'லிவ் டு 100' தொடரை உங்களில் நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். ஜப்பானின் ஒகினாவா, இத்தாலியின் சார்டினியா என்று ஊர் ஊராகப் போகிறவர் டான் பியூட்னர். அவர் டாக்டர் இல்லை. எழுத்தாளர், நெடுந்தூர சைக்கிள் பயணங்களில் சாதனை படைத்தவர். முதியவர்களிடம் பேச்சுக் கொடுப்பதில் கெட்டிக்காரர், அந்தக் காட்சிகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் நூறு வயதுக்காரர்கள் அதிகம் வாழும் இடங்களுக்கு 'ப்ளூ ஸோன்' (நீல மண்டலம்) என்ற பெயரை முதலில் வைத்தவர் அவரில்லை. சார்டினியாவின் மருத்துவர் ஜான்னி பெஸ், தன் தீவில் நூறைத் தாண்டியவர்கள் அதிகம் என்று கணக்குக் காட்டினார். பெல்ஜியத்தின் மக்கள்தொகை ஆய்வாளர் மிஷேல் பூலென் அதைச் சரிபார்க்கப் போனார். வயது உறுதியான கிராமங்களை வரைபடத்தில் நீல மையால் குறித்தார்கள். அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை வந்தது 2004-இல். பியூட்னர் நேஷனல் ஜியோகிராஃபிக்கில் எழுதியது அதற்கு அடுத்த வருடம்.

வயதைச் சரிபார்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. குழந்தை இறந்துவிட்டால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதே பெயரை வைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்திருக்கிறது. பதிவேட்டில் இறந்துபோன மூத்த குழந்தையின் பிறந்த தேதியைத் தவறாக எடுத்துக்கொண்டால், 96 வயதுக்காரர் ஒரே நொடியில் நூறைத் தொட்டுவிடுவார்! அதனால் கூடப் பிறந்தவர்கள், திருமணம், பிள்ளைகள் என்று ஒவ்வொரு பதிவையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு இவர்கள்தான் படத்தின் கதாநாயகர்கள்.

இந்தக் கணக்கையே சந்தேகப்படுகிறவரும் இருக்கிறார். ஆய்வாளர் சால் நியூமன். இதற்காகவே 2024-இல், சிரிக்கவைத்து யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு வாங்கினார். அமெரிக்க மாநிலங்களில் பிறப்புச் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தபிறகு, 110 வயதைத் தாண்டியவர்களின் எண்ணிக்கை 69 முதல் 82 சதவீதம் வரை சரிந்ததாக அவர் ஆய்வு சொல்கிறது. ஜப்பானில் 2010-இல் அரசு தேடிப் பார்த்தபோது, ஏட்டில் உயிரோடு இருந்த நூறு வயதுக்காரர்களில் 2,30,000-க்கும் மேற்பட்டவர்களைக் காணவில்லை. ப்ளூ ஸோன் தரப்போ, வயதுகளை முறையாகச் சரிபார்த்திருக்கிறோம் என்கிறது. எனக்கு இந்தச் சண்டை பிடித்திருக்கிறது. இதையே ஒரு முழு எபிசோடாக எடுத்தால் முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன்.

ஐயோ, ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். பியூட்னரின் ப்ளூ ஸோன்ஸ் நிறுவனத்தை 2020-இல் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த மருத்துவ அமைப்பான அட்வென்டிஸ்ட் ஹெல்த் வாங்கியது. அவர் சொல்லும் ஐந்து இடங்களில் ஒன்றான கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா, அட்வென்டிஸ்ட்கள் நிறைந்த ஊர். இதனால் அவர் சொல்வது பொய் ஆகிவிடாது. ஆனால் பார்க்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் இரட்டையர்களை வைத்து எடுத்த 'யூ ஆர் வாட் யூ ஈட்'. ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு, 22 ஜோடி ஒரேமாதிரி இரட்டையர்களில் ஒருவருக்கு வீகன் உணவு (பால், முட்டைகூட இல்லாத தாவர உணவு), மற்றவருக்கு இறைச்சியும் சேர்ந்த உணவு என்று 8 வாரம் கொடுத்துப் பார்த்தது. வீகன் பக்கத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் சராசரி 110.7-இலிருந்து 95.5-க்கு இறங்கியது. நல்ல ஆய்வு, எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் எட்டு வாரத்தில் கொலஸ்ட்ரால் தெரியும், ஆயுள் தெரியாது. வீகன் பக்கத்தில் இருந்தவர்கள் சாப்பிட்ட கலோரியும் குறைவு, சாப்பாட்டில் திருப்தியும் குறைவு. அதையும் அந்த ஆய்வே பதிவு செய்திருக்கிறது. இயக்குநர் லூயி சிஹோயோஸ் இதற்கு முன்னால் எடுத்த 'தி கேம் சேஞ்சர்ஸ்' படமும் தாவர உணவுக்காகப் பேசும் படம்தான். இயக்குநரின் முந்தைய படங்களைப் பார்த்தாலே, கேமரா எந்தப் பக்கம் சாயும் என்று பாதி புரிந்துவிடுகிறது.

அடுத்து எந்த ஆவணப்படத்து நிபுணரைத் தேடட்டும் என்று கமெண்டில் எழுதுங்கள் மக்களே. கார்ட்னரின் கட்டுரையை வரி வரியாகப் படிக்கும் வீடியோ தனியாக வருகிறது.