ஏழு மட்டைகளோடு ஒரு ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

கோல்ஃப் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலியில் கூப்பிட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு சத்தம். மட்டையின் நடுவில் பந்து சரியாகப் படும்போது வருகிற சத்தம். பக்கத்தில் யாரோ பயிற்சி செய்கிறார், நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் எந்த அடி நன்றாகப் போயிருக்கும் என்று என்னால் சொல்லிவிட முடியும். மட்டையின் ஓரத்தில் பட்டால் காய்ந்த குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம் வரும், உள்ளங்கை வரை அதிரும். நடுவில் பட்டால் அழுத்தமாக, சுருக்கமாக ஒன்று கேட்கும், கைக்கு ஒன்றுமே தெரியாது. பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் ஏறக்குறைய 2,000-இல் ஒரு பங்கு நேரம்தான். ஒரு மாலையில் நான்கைந்து தடவை அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

நான் தொழில்முறை ஆட்டக்காரன் இல்லை. ஓய்வு கிடைக்கிற நாட்களில் நண்பர்களோடு ஆடுகிறேன். 18 குழிகளையும் முடிக்க எனக்கு 100 அடி பக்கம் ஆகும். முழு மைதானத்துக்குப் பொதுவாக வைத்திருக்கிற அளவு 72. அதைத்தான் 'பார்' என்கிறோம். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் என் போன்றவர்களின் சந்தோஷம் முழுவதும் இருக்கிறது. இன்று நான் பேசப்போவது அந்தச் சந்தோஷத்தைப் பற்றியும், அதற்குத் துணையாகப் பையில் இருக்கிற சாமான்களைப் பற்றியும்.

ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 14 மட்டைகள் கொண்டுபோகலாம் என்பது விதி. அமெரிக்காவில் இது 1938-இல் வந்தது, அடுத்த ஆண்டு பிரிட்டனிலும் வந்துவிட்டது. அதற்கு முன்பு கணக்கே கிடையாது. மரத்தண்டு போய் எஃகுத் தண்டு வந்த காலம் அது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக மட்டைகள் செய்ய முடிந்தது. உடனே இருபது, இருபத்தைந்து என்று சிலர் சுமக்க ஆரம்பித்தார்கள். சுமந்தது பாவம், கூடவே பை தூக்கி வருகிற உதவியாள், அதாவது கேடிதான். முழு வீச்சுக்கு ஒன்று, முக்கால் வீச்சுக்கு ஒன்று என்று ஒவ்வொரு அடிக்கும் தனித்தனி மட்டை இருந்தால், கையால் செய்ய வேண்டிய வேலையை மட்டையே செய்துவிடும். ஆட்டத்தின் நுணுக்கம் குறைந்துபோகும் என்று விதி வகுத்தவர்கள் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருந்தது என்று நான் என் அனுபவத்தில் தெரிந்துகொண்டேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள், ஆட்டம் தொடங்குகிற இடத்துக்குப் போய் நிற்கும்போது என் பையின் தோள்வார் அறுந்துவிட்டது. 14 மட்டைகளையும் கையில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. கூட ஆடுகிற பெரியவர் ஒருவர் தன்னிடம் இருந்த மெல்லிய பை ஒன்றைக் கொடுத்தார். அதில் ஏழுக்கு மேல் நுழையவில்லை. நீள அடிக்கு ஒரு ஃபேர்வே வுட்; ஐந்து, ஏழு, ஒன்பது ஆகிய நம்பர் அயர்ன்கள், அதாவது இரும்புத் தலை மட்டைகள்; குறுகிய அடிக்குப் பிட்சிங் வெட்ஜ்; மணலுக்குச் சாண்ட் வெட்ஜ்; அப்புறம் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுகிற புட்டர். இவற்றோடு நடந்தேன்.

மூன்றாவது குழியில் சிக்கல் வந்தது. குழியில் நட்ட கொடிக்கு இருக்கிற தூரம் என் எயிட் அயர்னுக்குச் சரியான தூரம். அது வார் அறுந்த பையோடு பின்னால் கிடக்கிறது. ஒன்பதால் அடித்தால் எட்டாது, ஏழால் அடித்தால் தாண்டிவிடும். கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். ஏழாம் நம்பரை எடுத்து, கைப்பிடியில் இரண்டு விரல்கடை கீழே பிடித்து, வீச்சைத் தோள் உயரத்தோடு நிறுத்தினேன். பந்து தாழ்வாகப் போய், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனுக்கு முன்னால் விழுந்து, இரண்டு குதி குதித்து உள்ளே ஓடியது. அதற்கு முன் நான் அப்படி ஒரு அடியை வேண்டுமென்றே அடித்ததே இல்லை. அடிக்க வேண்டிய தேவை வரவில்லை. அன்றைக்கு என் எண்ணிக்கை வழக்கத்தைவிட இரண்டு கூட. ஆனால் ஒவ்வொரு அடியும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. இப்போது மாதத்தில் ஒரு ஆட்டமாவது ஏழு மட்டைகளோடுதான் ஆடுகிறேன்.

இதில் ஒரு முன்னோடியைச் சொல்லியாக வேண்டும். சிக் எவன்ஸ் என்ற அமெச்சூர், அதாவது பணத்துக்கு ஆடாத ஆட்டக்காரர், 1916-இல் யு.எஸ். ஓப்பனை ஜெயித்தார். அவர் பையில் இருந்தவை ஏழே மட்டைகள், எல்லாம் ஹிக்கரி மரத்தண்டு. நான்கு சுற்றுக்கும் சேர்த்து அவர் எடுத்த 286 அடிகளை அந்தப் போட்டியில் இருபது வருடம் யாராலும் குறைக்க முடியவில்லை.

சரி, மட்டைகளுக்கு ஏன் நம்பர்? மட்டை முகம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. அந்தச் சாய்வை 'லாஃப்ட்' என்போம். மிக நீளமான அடிக்கு எடுக்கிற டிரைவரில் பத்து டிகிரி பக்கம் இருக்கும், செவன் அயர்னில் முப்பது பக்கம், சாண்ட் வெட்ஜில் ஐம்பத்தாறு பக்கம். நம்பர் ஏற ஏறச் சாய்வு கூடும், தண்டின் நீளம் குறையும், பந்து உயரமாகப் போய்ச் சீக்கிரம் இறங்கும். ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் என் போன்றவர் கையில் வித்தியாசம் பத்து மீட்டர்தான். அந்தப் பத்து மீட்டரைத் துல்லியமாக அடிக்கிற கை வந்த பிறகுதான் இடையில் இருக்கிற மட்டைக்கு வேலை.

உங்கள் மட்டை ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டால், பெரும்பாலோர் வாழ்நாளில் அடித்த சிறந்த அடியைச் சொல்வார்கள். அந்த எண்ணை நம்பி விளையாடினால் பந்து எப்போதும் கிரீனுக்கு முன்னாலேயே நின்றுவிடும். பயிற்சி மைதானத்தில் ஒரே மட்டையால் இருபது பந்து அடியுங்கள். மிக நீளமாகப் போன மூன்றையும் மிகக் குறைவாகப் போன மூன்றையும் விட்டுவிடுங்கள். மிச்சத்தின் நடு அளவுதான் உங்கள் தூரம். ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். எந்தப் புது மட்டையும் இந்த நோட்டு அளவுக்கு என் ஆட்டத்தை மாற்றவில்லை.

சாமான்களில் எனக்கு மிகவும் பிரியமானது சாண்ட் வெட்ஜ். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் ஆங்காங்கே மணல் பள்ளங்கள் இருக்கும், பங்கர் என்று பெயர். பந்து அதில் விழுந்தால் புதிதாக ஆடுகிறவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். அந்தக் காலத்து மட்டைகளுக்கு அடிப்பாகம் கூர்மையாக இருந்தது, மணலில் கத்தி மாதிரி இறங்கி மாட்டிக்கொண்டது. ஜீன் சாரஸன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1930-களின் தொடக்கத்தில் மட்டையின் அடியில் கூடுதலாக உலோகத்தைப் பற்றவைத்துத் தடிமனாக்கிப் பார்த்தார். பின் விளிம்பு முன் விளிம்பைவிடத் தாழ்ந்து இருக்கும்படி செய்தார். அந்த மட்டையோடு போய் 1932-இல் பிரிட்டிஷ் ஓப்பனை ஜெயித்தார். இன்றைக்கு நம் பையில் இருப்பது அதன் வம்சம்தான்.

அடியில் இருக்கிற அந்தத் தடிப்புக்கு 'பவுன்ஸ்' என்று பெயர். படகின் அடிப்பாகம் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போவதுபோல, அது மணலில் புதையாமல் வழுக்கிக்கொண்டு போகும். பங்கரில் பந்தையே அடிக்கக் கூடாது. பந்துக்குப் பின்னால் மூன்று, நான்கு விரல்கடை தள்ளி மணலை அடிக்க வேண்டும். மட்டை பந்தைத் தொடுவதே இல்லை. கிளம்புகிற மணல் பந்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும். இதைப் புரிந்துகொள்ளாமல் பல வருடம் நான் பந்தைச் சுரண்டி எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். மட்டை முகத்தைக் கொஞ்சம் திறந்து, வீச்சை நடுவில் நிறுத்தாமல் முடித்தால் போதும் என்று அந்தப் பெரியவர்தான் சொல்லிக்கொடுத்தார். முதல் தடவை பந்து ஒரு கைப்பிடி மணலோடு மெதுவாக எழும்பிக் கிரீனில் விழுந்தபோது, அந்த இரும்புத் துண்டைச் செய்தவர் நல்லா இருக்கணும் என்று மனசார நினைத்தேன். மென்மையான மணலுக்குப் பவுன்ஸ் கூடுதலாக வேண்டும், இறுகிய தரைக்குக் குறைவாக வேண்டும். மட்டை வாங்கும்போது இதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது பந்து. எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதன் மேல் முந்நூறிலிருந்து ஐந்நூறு வரை குழிகள் இருக்கும். இந்தக் குழிகள் வந்த கதை அழகானது. 1848 வாக்கில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பிசினில் வழவழப்பான பந்து செய்தார்கள். புதுப் பந்து சரியாகப் பறக்கவில்லை. அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்துதான் நன்றாகப் பறந்தது. ஆடினவர்கள் அதைக் கவனித்துவிட்டார்கள், புதுப் பந்திலேயே கீறல் போட ஆரம்பித்தார்கள். காரணம் பிறகுதான் தெரிந்தது. குழிகள் பந்தை ஒட்டிய காற்றைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய காற்று பந்தின் பின்பக்கம் வரை ஒட்டிக்கொண்டு போவதால், பின்னால் இழுக்கிற விசை குறைகிறது. வழவழப்பான பந்தை அதே வேகத்தில் அடித்தால் ஏறக்குறைய பாதி தூரம்தான் போகும். நம் மாதிரி ஆட்டக்காரர்கள் எந்தப் பந்தை வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து எப்போதும் அதையே ஆடுங்கள். பந்துக்குப் பந்து மென்மை மாறினால் புட்டரில் கைக்கணக்கு பழகாது.

டிரைவர் விஷயத்தில் நான் தவறு செய்திருக்கிறேன். தண்டு விறைப்பாக இருந்தால் தூரம் போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, என் வேகத்துக்குப் பொருந்தாத ஒன்றை வாங்கினேன். பந்து தாழ்வாகக் கிளம்பி வலப்பக்கமே போய்க்கொண்டிருந்தது. ஒரு பருவம் முழுவதும் என் வீச்சில்தான் கோளாறு என்று நினைத்து அதை மாற்றி மாற்றிப் பார்த்தேன். வீச்சு மெதுவாக இருக்கிறவருக்கு வளைந்து கொடுக்கிற தண்டும், பதினொன்று, பன்னிரண்டு டிகிரி லாஃப்டும் பெரும்பாலும் நல்லது. பந்து காற்றில் கூட நேரம் நிற்கும். வாங்குவதற்கு முன் அடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

கைப்பிடி ரப்பரை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அடிக்கடி கழுவுங்கள். வியர்வையும் எண்ணெயும் ஏறி வழுக்கினால், கை தானாக இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்த கையால் நல்ல வீச்சு வராது.

புட்டரைப் பற்றி ஒரே ஒரு கணக்கு சொல்கிறேன். பார் 72 என்று வைக்கும்போது, ஒவ்வொரு கிரீனிலும் இரண்டு அடி என்று 36-ஐப் புட்டருக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். பாதி ஆட்டம். நம்மில் எத்தனை பேர் பயிற்சி நேரத்தில் பாதியை அதற்குக் கொடுக்கிறோம்? குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பத்து மீட்டரிலிருந்து அதைக் குறிவைப்பதைவிட, குழிக்குப் பக்கத்தில் ஒரு கைநீளத்துக்குள் பந்தை நிறுத்தப் பழகுவது பலன் தரும்.

இன்னொன்று, எண்ணிக்கை. ஒரு குழியில் எட்டு, ஒன்பது என்று போய்விட்டால் மிச்ச ஆட்டமே கசந்துவிடும். இதற்கு ஃப்ராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற மருத்துவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அது 1932-இலிருந்து பரவலாயிற்று. அடிகளைக் கூட்டாமல் குழிக்குக் குழி புள்ளி கொடுப்பது அவர் முறை. அந்தக் குழிக்கு வைத்த பாரில் முடித்தால் இரண்டு, ஒரு அடி கூடினால் ஒன்று, அதற்கும் மேலே போனால் பூஜ்யம். ஒரு குழி கெட்டால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடலாம். இதோடு ஹேண்டிகேப், அதாவது அவரவர் திறமைக்கு ஏற்பக் கொடுக்கிற அடிச் சலுகை, சேர்ந்தால், என் மாதிரி நூறு அடிக்கிறவரும் எண்பது அடிக்கிறவரும் சமமாகப் போட்டி போடலாம். கடைசி இருபது ஆட்டங்களில் சிறந்த எட்டை எடுத்துத்தான் அந்த ஹேண்டிகேப்பைக் கணக்கிடுகிறார்கள். வேறு எந்த விளையாட்டில் இப்படி ஒரு கதவு திறந்திருக்கிறது?

அந்த எண்ணை நாமேதான் எழுதுகிறோம். நம் கூடவே ஒரு நடுவர் நடந்து வருவதில்லை. பாபி ஜோன்ஸ் கடைசி வரை அமெச்சூராகவே ஆடியவர். 1925 யு.எஸ். ஓப்பனில் ரஃப் என்கிற உயரப் புல்லில் கிடந்த பந்து, மட்டையை வைக்கும்போது லேசாக அசைந்ததாக அவரே சொன்னார். வேறு யாரும் பார்க்கவில்லை. தன் கணக்கில் ஒரு அடியைக் கூட்டிக்கொண்டார். முடிவில் ஆட்டம் சமனாகி, மறு ஆட்டத்தில் ஒரே அடியில் தோற்றார்.

இந்த வாரம் ஆடப்போகிற நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். முந்தின நாள் ராத்திரியே பையைக் காலி செய்து, மட்டைகளை வரிசையாகத் தரையில் வையுங்கள். ஏழு மட்டைகளை மட்டும் திரும்ப எடுத்து வையுங்கள். புட்டரும் சாண்ட் வெட்ஜும் செவன் அயர்னும் எனக்கு யோசிக்காமலே உள்ளே போய்விடுகின்றன. மிச்ச நான்கு எவை என்பதில்தான் ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம் ஆகிறது. ஐந்தாம் நம்பரா ஆறாம் நம்பரா என்று இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

நன்றி, வணக்கம்.